தராசு செய்கிறவரே முத்திரையும் குத்தலாமா?

எலெக்ட்ரானிக் தராசு வைத்திருக்கும் நாம் எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறை அதை முத்திரைக்குக் கொண்டுபோகிறோம். கட்டணம் கட்டுகிறோம், முணுமுணுக்கிறோம், ஆனாலும் கொண்டுபோகிறோம். அது எந்தக் கம்பெனித் தராசு என்று முத்திரை ஆய்வாளர் கவலைப்படுவதில்லை. மத்திய அரசின் மாடல் அப்ரூவல் பெற்றதா, எடை சரியாக நிற்கிறதா என்பதுதான் அவருக்கு வேண்டும். கோயம்புத்தூரில் செய்ததானாலும் குஜராத்தில் செய்ததானாலும் ஒரே முத்திரைதான். தராசு செய்கிற கம்பெனியே தன் தராசுக்கு முத்திரை குத்திக்கொள்ளலாம், மற்றவர் தராசுக்கு மறுத்துவிடலாம் என்று நாளை ஒரு சட்டம் வந்தால் நாம் சும்மா இருப்போமா? மாவட்டம் முழுக்கக் கடையடைப்பு நடக்காதா?

ஆனால் நம் கல்லாவில் தராசுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு கருவியின் விஷயத்தில் ஏறக்குறைய அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. செல்போனைச் சொல்கிறேன்.

எனக்கு இது உறைத்தது கோட்டாறு கம்போளத்தில். சீனி, துவரம்பருப்பு, உளுந்து எல்லாம் டெம்போவில் ஏற்றியாயிற்று. மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்பலாம் என்று போனைத் திறந்தால், இந்தச் செயலி இனிமேல் உங்கள் போனில் இயங்காது என்று எழுதிக் காட்டுகிறது. முந்தின நாள் ராத்திரி வரை இயங்கிய செயலி. நல்ல வேளையாக எதிரே இருந்தவர் முப்பது வருடப் பழக்கம். "சாமானைக் கொண்டு போங்க அண்ணாச்சி, பணம் நாளைக்கு வரட்டும்" என்றார். புதிதாகக் கடை வைத்த ஒரு பையனுக்கு அதைச் சொல்லியிருப்பாரா?

போன் 2017-ல் வாங்கியது. கண்ணாடி உடையவில்லை, பேட்டரி ஒருமுறை மாற்றியதோடு சரி. நாகர்கோவிலில் என்ஜினீயரிங் படிக்கும் என் மருமகன் பார்த்துவிட்டு, "மாமா, போனுக்கு ஒரு கேடும் இல்ல. உள்ள இருக்க சிஸ்டத்துக்குக் கம்பெனிக்காரன் அப்டேட் குடுக்கிறத நிறுத்திட்டான், அவ்வளவுதான்" என்றான். இரண்டு நாள் வைத்திருந்து, லினேஜ் ஓ.எஸ். என்ற ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். உலகத்தில் பல ஊர்களிலும் உள்ளவர்கள் கூலி வாங்காமல் சேர்ந்து செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியே வைத்திருக்கும் இயங்குதளம் அது. போன் புதுப் போன் மாதிரி ஓடிற்று. நாமாக ஏற்றாத செயலி ஒன்றுகூட அதில் இல்லை. திருட்டுக்கு எதிரான பாதுகாப்புத் திருத்தங்கள் எல்லாம் போன மாதம் வரைக்கும் போட்டிருந்தது.

பணம் அனுப்பும் செயலியை ஏற்றினோம். "உங்கள் போன் பாதுகாப்பானதல்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டது. இன்னொன்றை ஏற்றினோம், அது திறக்கவே இல்லை.

இதிலுள்ள வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். பல வருடங்களாகப் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றுகூடப் போடாத பழைய சிஸ்டம் இருந்தவரை அதே போன் பாதுகாப்பானது. போன மாதத் திருத்தம் வரை போட்டபின் பாதுகாப்பற்றது. கல் தேய்ந்திருந்தாலும் பழைய முத்திரை இருக்கிறதே என்று விட்டுவிட்டு, சரியான எடை காட்டும் புதுக் கல்லைப் பறிமுதல் செய்கிற மாதிரி இருக்கிறது இது.

விஷயம் என்னவென்றால், போனை நம்பலாமா கூடாதா என்பதைப் பல செயலிகள் தாங்களாகப் பார்ப்பதில்லை. கூகுள் கம்பெனியின் பிளே இன்டெக்ரிட்டி என்ற ஏற்பாட்டைக் கேட்கின்றன. இது நான் சான்று கொடுத்த போன், இது நான் சான்று கொடுத்த சிஸ்டம் என்று அது தலையசைத்தால்தான் கதவு திறக்கும். இந்த முத்திரையைக் குத்துகிறவரே தராசும் செய்கிறார் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இயங்குதளம் என்றால் என்ன என்று கேட்கும் மூத்த வியாபாரிகளுக்காக இரண்டு வார்த்தை. போன் என்ற கட்டடத்துக்கு அஸ்திவாரமும் சுவரும் அதுதான். வாட்ஸ்ஆப், கணக்குப் புத்தகம், பணம் அனுப்பும் செயலி எல்லாம் அதற்குள் குடியிருப்பவை. திறந்த மூலம் என்பது மசாலாப் பொடி பாக்கெட்டின் மேலேயே மல்லி எவ்வளவு, மிளகு எவ்வளவு, எத்தனை நேரம் வறுக்க வேண்டும் என்று அச்சடித்துக் கொடுப்பது போன்றது. யாரும் அரைக்கலாம், கூட்டிக் குறைக்கலாம், தன் பெயரில் விற்கலாம். பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் மாணவராக இருந்தபோது தொடங்கிய லினக்ஸ் அப்படிப்பட்டது. இன்று நம் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட ஸ்மார்ட்போன்களில் இருக்கும் ஆண்ட்ராய்டும் லினக்ஸின் மேல் கட்டப்பட்டதுதான். கூகுள் 2005-ல் ஆண்ட்ராய்டை வாங்கியது. 2008-ல் முதல் போன் வந்தது. அதன் அடிப்படை மூலம் இன்றைக்கும் வெளியே திறந்துதான் இருக்கிறது.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் ஆண்ட்ராய்டை எடுத்துத் தன் போனைச் செய்து விற்கலாமே, ஏன் விற்கவில்லை? இங்கேதான் நம் அனுபவம் கைகொடுக்கிறது. ஓடுகிற சரக்கை வேண்டுமென்றால் ஓடாத சரக்கையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று எத்தனை ஏஜென்டுகள் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள்! நூறு சோப்பு வேண்டுமென்றால் யாரும் கேட்காத ஷாம்பு ஒரு பெட்டி. அதையும் முன் வரிசையில் அடுக்க வேண்டும். போட்டிக் கம்பெனிச் சரக்கு கடையில் இருந்தால் அடுத்த வாரம் வண்டி வராது.

போன் செய்யும் கம்பெனிகளிடம் கூகுள் போட்டிருந்த ஒப்பந்தங்களும் இந்த ஜாதிதான். பிளே ஸ்டோர் வேண்டுமானால் கூகுளின் மற்றச் செயலிகள் அத்தனையையும் சேர்த்து ஏற்ற வேண்டும், அவற்றை முகப்பில் வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தை எடுத்து மாற்றிச் செய்த சிஸ்டத்தோடு வேறு ஒரு போனும் விற்கக் கூடாது. மசாலாவின் அளவு வெளியே அச்சடித்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அதைப் பார்த்து நீங்களே அரைத்தால் உங்கள் கடைக்குச் சரக்கு வண்டி வராது. இந்திய வணிகப் போட்டி ஆணையம் இதையெல்லாம் விசாரித்து, 2022 அக்டோபர் 20-ந் தேதி கூகுளுக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம் போட்டது. ஐந்து நாள் கழித்துச் செயலிகளுக்குக் கட்டணம் வசூலிக்கும் முறை பற்றிய வேறொரு வழக்கில் ரூ. 936.44 கோடி.

சின்ன வியாபாரிகளாகிய நமக்கு இது ஒரு பெரிய ஆறுதல். ஏனென்றால் நாம் ஏஜென்டிடம் சண்டை போடும் அதே விஷயத்தைத்தான் ஆணையம் தவறு என்று எழுதியது. கூகுள் தடை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரி 19-ந் தேதி நீதிமன்றம் தலையிட மறுத்தது. அதே மாதம், இனி இந்தியாவில் செயலிகளைத் தனித்தனியாகவும் கொடுக்கிறோம் என்று கூகுள் இறங்கி வந்தது. ஆனால் 2023 மார்ச் 29-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்துவிட்டு, ஆணையம் போட்ட கட்டளைகளில் நான்கை எடுத்துவிட்டது. வேண்டாத செயலியை வாடிக்கையாளர் நீக்கிக்கொள்ள விட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பிளே சேவைகளைப் போட்டியாளருக்குப் பாதகமாக மறுக்கக் கூடாது என்பது இன்னொன்று. நம் முத்திரை விவகாரத்துக்குக் கிட்டத்தட்ட மருந்தாக இருந்திருக்கக்கூடிய கட்டளை அதுதான். பத்திரிகைகளில் அபராதத் தொகைதான் கொட்டை எழுத்தில் வந்தது.

வேறு இயங்குதளங்கள் நம் நாட்டில் முளைக்காமல் இல்லை. பல முளைத்தன. 2014 ஆகஸ்டில் ஃபயர்ஃபாக்ஸ் ஓ.எஸ். என்ற திறந்த மூலத் தளத்தோடு இன்டெக்ஸ் கம்பெனி ரூ. 1,999-க்கு ஒரு போன் விட்டது. விலையைப் பார்த்து வாங்கியவர்கள் வாட்ஸ்ஆப் இல்லை என்றதும் முகம் சுளித்தார்கள். 2015 முடியும்போது அதை உருவாக்கிய மொசில்லா நிறுவனமே போனுக்கு அதைச் செய்வதை நிறுத்திக்கொண்டது. சாம்சங் 2015 ஜனவரியில் டைசன் என்ற தன் தளத்தோடு ரூ. 5,700-க்கு இஸட்-1 போனை இந்தியாவில்தான் முதலில் இறக்கியது. அதுவும் நிற்கவில்லை. பன்னிரண்டு இந்திய மொழிகளில் வந்த இண்டஸ் ஓ.எஸ். சில ஆண்டுகள் நன்றாக ஓடி, பிறகு போன்பே கையில் சேர்ந்து, 2024 பிப்ரவரியில் இண்டஸ் ஆப்ஸ்டோர் என்று வந்தது. இயங்குதளமாகத் தொடங்கியது கடைசியில் கடையாக நின்றது. வியாபாரம் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது போலும்.

உண்மையில் ஜெயித்தது ஒன்றே ஒன்று. 2017 ஜூலையில் ரூ. 1,500 டெபாசிட்டுக்கு அறிவித்த ஜியோபோன். நம் பூதப்பாண்டியிலும் திட்டுவிளையிலும் அந்தப் பட்டன் போன் இல்லாத தெருவே கிடையாது என்று ஒரு காலம் இருந்தது. அதில் இருந்த கைஓஎஸ், செத்துப்போன அந்த ஃபயர்ஃபாக்ஸ் தளத்தின் வாரிசுதான். பத்துக் கோடிப் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2018-ல் வாட்ஸ்ஆப் அதில் வந்தது, போன் பறந்தது. 2024-ல் புதிதாக இறக்க முடியாமல் செய்தார்கள், 2025 தொடக்கத்தோடு வாட்ஸ்ஆப் அதில் நின்றுவிட்டது. என் கடைக்கு வாட்ஸ்ஆப்பில் சாமான் பட்டியல் அனுப்பும் வயல்வேலைக்காரப் பெண்கள் சிலர் மறுபடியும் பேப்பரில் எழுதிக் கொண்டுவரத் தொடங்கியது அப்போதுதான். நல்ல தளமா கெட்ட தளமா என்பதல்ல கேள்வி. மக்களுக்கு வேண்டிய இரண்டு மூன்று செயலிகளின் முதலாளிகள் சரி என்றால் தளம் பிழைக்கும், வேண்டாம் என்றால் சாகும்.

இப்போது சென்னை ஐ.ஐ.டி.யின் பரோஸுக்கு வருகிறேன். ஐ.ஐ.டி.யின் பிரவர்த்தக் டெக்னாலஜீஸ் அமைப்பின் ஆதரவில் வளர்ந்த ஜண்ட்காப்ஸ் என்ற நிறுவனம் ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தை எடுத்துச் செய்து 2023 ஜனவரியில் வெளியிட்ட தளம் அது. மத்திய அமைச்சர்கள் இருவர் போனைக் கையில் வைத்துச் சோதித்துப் பார்த்த படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. வாங்கும்போதே திணிக்கப்பட்ட செயலி ஒன்றுகூட அதில் கிடையாது. நம்பகமான செயலிகளை மட்டும் தனிக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ரகசியம் காக்க வேண்டிய நிறுவனங்களுக்கு என்று தொடங்கினார்கள். நம் வட்டாரத்துப் போன் கடைகளில் பரோஸ் போட்ட போன் ஒன்றை இதுவரை நான் பார்க்கவில்லை. செய்தவர்களின் திறமைக் குறைவு என்று இதைச் சொல்ல மாட்டேன். நம் ஊரில் ஒருவர் நல்ல தராசு செய்து, அதற்கு முத்திரை குத்த ஆளில்லை என்றால் எந்தக் கடைக்காரர் வாங்குவார்?

எல்லையைத் தாண்டினால் வேறு காட்சி. களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்து அரசுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். அங்கே அரசே முடிவெடுத்து ஆயிரக்கணக்கான பள்ளிகளில் லினக்ஸைப் போட்டது, ஆசிரியர்களைப் பழக்கியது. திருவனந்தபுரத்தில் இருக்கும் என் தங்கை பிள்ளைகளுக்கு லினக்ஸ் ஒரு அதிசயமே அல்ல. ஆனால் அதே பிள்ளைகள் கையில் இருக்கும் போன் நம் போனைப் போன்றதுதான். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் யாரும் வங்கிக் கணக்குத் திறப்பதில்லை. அங்கே முத்திரை தேவைப்படவில்லை, அதனால் திறந்த தளம் ஓடிற்று.

இதற்கு மறுபக்கம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பணம் வந்துவிட்டது என்று பொய்த் திரை காட்டும் போலிச் செயலிகளால் ஏமாந்தவர்கள் நம்மிலேயே உண்டு. போனின் பூட்டை உடைத்து உள்ளே கைவைத்தால் கடவுச்சொல்லைத் திருடலாம். ஆகவே வங்கிகள் போனைச் சோதிப்பது நியாயம், சோதிக்கத்தான் வேண்டும். 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் யு.பி.ஐ. மூலம் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. அவ்வளவு பணம் போகும் பாதையில் காவல் வேண்டாம் என்று எந்த வியாபாரியும் சொல்ல மாட்டான். நான் கேட்பது காவலை எடுக்கச் சொல்லி அல்ல. காவலரைத் தராசுக் கம்பெனி சம்பளத்தில் வைக்காதீர்கள் என்கிறேன்.

இதற்கு முன்மாதிரி தேடி அமெரிக்கா போக வேண்டாம். நம் தெரு ரேஷன் கடையில் விரல் வைக்கும் கருவி இருக்கிறதே, அந்த மாதிரி ஆதார்க் கருவிகளைப் பல கம்பெனிகள் செய்கின்றன. அவற்றைச் சோதித்துச் சான்று கொடுப்பது எஸ்.டி.க்யூ.சி. என்ற மத்திய அரசின் சோதனை அமைப்பு. கருவி செய்கிற கம்பெனி ஒன்று மற்றக் கம்பெனிகளின் கருவிக்குச் சான்று கொடுப்பதில்லை. ஆதாருக்குச் செய்ய முடிந்த ஏற்பாடு யு.பி.ஐ.க்கு ஏன் முடியாது? பரோஸோ, லினேஜோ, நாளை வேறு யாராவது செய்வதோ, பாதுகாப்புச் சோதனையில் தேறினால் ஒரு பொது முத்திரை. அந்த முத்திரை உள்ள போனில் பணச் செயலிகள் இயங்க வேண்டும். போனின் சில்லுக்குள்ளேயே இருக்கும் சான்றைப் பார்த்து, எந்தத் தளம் கலப்படமில்லாமல் ஓடுகிறது என்று அறியும் வசதி இப்போதே ஆண்ட்ராய்டில் இருக்கிறது. எந்தெந்தத் தளத்தின் சாவியை ஏற்றுக்கொள்வது என்று முடிவெடுக்க ஒரு பொது அமைப்பு வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் படித்தவர் விவகாரம், நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2024 மார்ச் 1-ந் தேதியை நினைவுபடுத்துகிறேன். கட்டணத் தகராறில் சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உட்பட இந்தியக் கம்பெனிகள் சிலவற்றின் செயலிகளைக் கூகுள் ஒரே நாளில் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்தது. மத்திய அமைச்சர் தலையிட்டபின் சில நாட்களில் திரும்ப வந்தன. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. இனிப் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏற்றும் செயலியானாலும் அதைச் செய்தவர் தன்னிடம் பெயர் பதிய வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. எதிர்ப்பு வந்தபிறகு, விவரம் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஒரு பக்க வாசல் வைப்பதாகச் சொன்னது. பக்க வாசல் நமக்கல்ல. பீம், போன்பே, கூகுள்பே என்று பெயர் பலவானாலும் யு.பி.ஐ. பரிமாற்றத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இரண்டே செயலிகள் வழியாகத்தான் போகிறது. அவை ஓடும் தளமும் ஏறக்குறைய ஒருவர் கையில்.

நம் கடையில் பணம் வாங்குவதற்கு உடனடி ஆபத்து ஒன்றும் இல்லை. கியூ.ஆர். அட்டையும் சத்தம் போடும் பெட்டியும் நம் போன் செத்தாலும் வேலை செய்யும். பணம் வங்கிக்குப் போய்விடும். மாட்டிக்கொள்வது நாம் கொடுக்க வேண்டிய இடத்தில்தான். மொத்த வியாபாரிக்கு, லாரி ஆபீசுக்கு, கரண்டு பில்லுக்கு, ஜி.எஸ்.டி. கட்டுவதற்கு. அதனால் புதுப் போன் வாங்குகிறவர்கள் கேமரா எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் என்று கேளுங்கள். இப்போது குறைந்த விலைப் போன்கள் சிலவற்றுக்கே ஆறு வருடம் தருகிறார்கள். அந்த வருடத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எட்டாயிரம் ரூபாய்ப் போன் இரண்டு வருடத்தில் கழிந்தால் மாதம் முந்நூற்று முப்பது ரூபாய் ஆகிறது. கடை வாடகையோடு அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பழைய போனில் திறந்த தளத்தை ஏற்ற ஆசைப்படுகிறவர்கள் ஏற்றலாம், ஆனால் வியாபாரப் பணம் அனுப்பும் ஒரே போனில் தயவுசெய்து வேண்டாம். நான் பட்டது போதும்.

திறந்த மூல போன் தளங்களுக்கு எதிர்காலம் உண்டா என்றால், இன்றிருக்கிற நிலையில் கடைத்தெருவில் இல்லை என்றுதான் சொல்வேன். தொழில்நுட்பம் தயாராக இருக்கிறது, முத்திரைதான் இல்லை. அந்த முத்திரையைக் கேட்கக் கூடியவர்கள் ஐ.ஐ.டி.க்காரர்களைவிட நாம்தான். யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ.க்கும் வங்கிகளுக்கும் நாம் வாடிக்கையாளர்கள். நம் கல்லாக்கள் இல்லாமல் அந்த 2,000 கோடி எண்ணிக்கை வராது. முதல் கோரிக்கையாக, அரசு ஆதரவில் வந்த பீம் செயலி, அரசு சோதித்த இந்தியத் தளம் எதிலும் கூகுளின் சான்று இல்லாமலே இயங்க வேண்டும் என்று கேட்கலாம். பொதுச் சொத்தாகிய ஒரு செயலியிடம் இதைக் கேட்பதில் கூச்சம் எதற்கு? அது நடந்தால் மற்றச் செயலிகள் தாமாக வரும். வாடிக்கையாளரை இழக்க எந்த வியாபாரிக்கும் மனம் வராது. அடுத்து, பழைய போனில் ஒரு பணச் செயலியை நிறுத்துவதாக இருந்தால் தொண்ணூறு நாளாவது முன்கூட்டித் திரையில் சொல்ல வேண்டும், அதுவும் தமிழில்.

இந்த இரண்டு கோரிக்கைகளையும் மனுவாக எழுதி நம் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். என்.பி.சி.ஐ.க்கும், மத்திய எலெக்ட்ரானிக்ஸ், தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும், நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் நகல் போகிறது. தோவாளை பூ வியாபாரிகளும் வடசேரி சந்தைக்காரர்களும் சேர்ந்து கையெழுத்திட்டால் கனம் கூடும். அழகியபாண்டிபுரம், தடிக்காரன்கோணம் பக்கத்து உறுப்பினர்கள் பூதப்பாண்டி வரை வர வேண்டியதில்லை. மாதச் சந்தா வாங்க வரும் நம் அலுவலகப் பையனிடம் ஒரு பிரதி கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.